காலண்டர் தாளின் பின்பக்கம்

போன செவ்வாய்க்கிழமை என் பெரிய பெண் மீனாவுக்கு ஜுரம் வந்தது.

பெரிய ஜுரம் ஒன்றும் இல்லை. சளி, இருமல், தெர்மாமீட்டரில் நூற்றொன்று. வீட்டுக்கு வீடு வருகிற சமாச்சாரம். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ கப் ஜெயித்துவிட்டு வந்தவள் மாதிரி போர்வைக்குள் படுத்திருந்தாள்.

"அப்பா, எனக்கு ஜாம் பன்."

"வாங்கியாறேன்."

"ரெண்டு."

"ஜுரத்துல ரெண்டு பன்னு எறங்குமா உனக்கு?"

"தேனுவுக்கு எத்தினி வாட்டி ரெண்டு வாங்கியாந்த? எனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளுக்கு நன்றாகவே தெரியும். தேதி வாரியாகத் தெரியும். அதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன் பசங்களா. மீனாவிடம் பர்மிஷன் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறாள். அது என்ன என்பது போகப் போகத் தெரியும்.

வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி. நான் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்கிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. வீட்டில் மனைவி செல்வி, பதினொரு வயது மீனா, ஆறு வயதைத் தொடப்போகிற தேன்மொழி. அவள்தான் தேனு.

தேனுவுக்கு நாலரை வயது இருக்கும்போது, தை அமாவாசை அன்று முதல் தடவை அந்த ஜுரம் வந்தது. காலையில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவள், மத்தியானம் சுருண்டு படுத்தாள். நூற்று மூன்று. தொண்டை வலி. வாயில் புண். கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டி. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். நாலாவது நாள் ஜுரம் போய்விட்டது. மருந்து வேலை செய்துவிட்டது என்று நிம்மதியாகத் தறியில் உட்கார்ந்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் அதே ஜுரம். அதே தொண்டை. அதே மருந்து. நாலாவது நாள் சரி.

அப்புறம் மறுபடியும்...

டைபாய்டு பார்த்தார்கள், இல்லை. டெங்கு பார்த்தார்கள், இல்லை. ஒரு டாக்டரிடம் சரியாகவில்லை என்று இன்னொரு டாக்டர். அவர்கள் மேல் தப்பு இல்லை. அந்த ஒரு ஜுரத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் தொண்டைப் புண் என்றுதான் தோன்றும். எல்லா ஜுரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவன் நான். நான் பார்த்தேனா?

பார்த்தேன். தப்பாகப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் நெசவாளிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அமாவாசைதான் லீவு. அன்றைக்குத் தறியில் கை வைக்க மாட்டோம். எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் சாயங்காலம் நாலு பேரும் வெளியே கிளம்புவோம். கோயில், குளத்து மீனுக்குப் பொரி, அப்புறம் ஹோட்டலில் ரோஸ்ட், பாதாம் பால். மாதத்தில் ஒரு நாள். மீனா அந்த நாளுக்காகவே விரல் விட்டுக்கொண்டு காத்திருப்பாள்.

முதல் ஜுரம் அமாவாசை அன்று. இரண்டாவது, அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். மூன்றாவதும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். நான் முடிவு கட்டிவிட்டேன். "அமாவாசைதான் புள்ளைக்கு ஆவல. வெளிய போறோம், கண்டதைச் சாப்புடறோம், நாலு பேரு கண்ணு படுது. இனிமே யாரும் எங்கியும் போவ வேணாம்."

அதற்கப்புறம் வந்த ஜுரம் அமாவாசைக்கு வந்ததா? நான் பார்க்கவில்லை. பொருந்தினதை ஞாபகம் வைத்துக்கொண்டேன். பொருந்தாததை மறந்துவிட்டேன். மனுஷ மூளைக்கு அது ரொம்ப சுலபமான வேலை!

இப்போது மீனா பக்கத்திலிருந்து பாருங்கள். தங்கச்சிக்கு ஜுரம் வந்தால் தங்கச்சிக்கு ஜாம் பன். வாய்ப் புண் என்று ஐஸ்கிரீம். அம்மா மடி. அப்பா செல்போன். மீனாவுக்கு என்ன? "நீ பெரியவ, சும்மா இரு." போதாக்குறைக்கு மாதத்தில் ஒரு நாள் கிடைத்த ரோஸ்ட்டும் போச்சு.

ஒரு நாள் கேட்டாள்: "எனக்கு எப்பப்பா ஜுரம் வரும்?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவளைச் சொல்வானேன்? எனக்கு மட்டும் பொறாமை இல்லையா? எதிர்வீட்டு சம்பந்தத்தின் மகள் துர்கா. ஸ்கூல் ஆண்டு விழாவில், ஒரு நாள் விடாமல் வந்தவள் என்று அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சம்பந்தம் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, தெருவில் போன என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னாபா, உன் பொண்ணுக்கு மறுபடியும் ஜுரமாமே? எங்க துர்காவுக்குத் தும்மல்கூட வராதுபா. ஒடம்பு வாகு அப்பிடி!"

"சந்தோசம்ணே" என்றேன். வாய் சொன்னது. வீட்டுக்கு வந்து தறியை இடித்த இடியில், அந்த ஒரு முழம் மட்டும் நெசவு கனத்துப் போய்விட்டது. ஒரு குழந்தை ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் பசங்களா. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுதான்.

ஆகஸ்ட் மாதம், ஸ்டேஷன் பக்கம் குழந்தைகள் டாக்டர் ஒரு அம்மா இருக்கிறார் என்று யாரோ சொல்ல, ஜுரத்தோடு தேனுவைத் தூக்கிக்கொண்டு போனேன். மீனாவும் கூட வந்தாள்.

டாக்டரம்மா தேனுவின் தொண்டையைப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். உயரம் பார்த்தார், எடை பார்த்தார். வயசுக்கேற்ற வளர்த்தி இருக்கிறது என்றார். மூட்டு வீக்கம் உண்டா? உடம்பில் தடிப்பு? வயிற்று வலி? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். தொண்டையில் பஞ்சு வைத்துத் துடைத்து டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

"இதுவரைக்கும் எப்பெப்ப வந்துச்சு? தேதி இருக்குதா?"

மஞ்சப்பையில் மருந்துச் சீட்டு நாலுதான் இருந்தது. மீதி எங்கே போச்சோ. "அமாவாசைக்கு அமாவாசை வருது டாக்டர்" என்றேன், தெளிவாக.

"பொய்!"

பின்னாலிருந்து மீனா.

"ஏய், சும்மா இருமா..."

"இல்ல டாக்டர். அப்பா சொல்றது பொய். அமாவாசைக்கு வரல. என்னாண்ட தேதி இருக்குது."

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "எங்க வெச்சிருக்க?"

அவ்வளவுதான். மீனா வாயை மூடிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. "வீட்ல" என்றாள், தரையைப் பார்த்து.

"நாளைக்கு எடுத்துக்கினு வரியா?"

வீட்டுக்கு வந்து கேட்டால் தர மாட்டேன் என்றாள். கெஞ்சினோம். அழுதாள். கடைசியில் சொன்னாள்: "நீயும் அம்மாவும் படிக்கக் கூடாது. டாக்டர் மட்டும்தான் படிக்கணும். காமாட்சி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பழைய புடவை அட்டைப்பெட்டி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து வந்தாள். உள்ளே தினசரி காலண்டர் தாள்கள். எங்கள் வீட்டில் காலையில் தேதி கிழிப்பது அவள் வேலை. தேனுவுக்கு ஜுரம் ஆரம்பிக்கிற ஒவ்வொரு முதல் நாளும், அந்தத் தேதித் தாளைக் குப்பையில் போடாமல், பின்பக்கம் பொடிப்பொடியாக எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஏழு மாதமாக!

மறுநாள் சாயங்காலம் தேனுவைச் செல்வியிடம் விட்டுவிட்டு நானும் மீனாவும் போனோம். டாக்டரம்மா தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். சிரித்தார். நான் எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியம் பண்ணியாச்சே!

"மீனா, கொஞ்சம் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டட்டுமா? நீ வேணாம்னா வேணாம்."

மீனா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். டாக்டரம்மா படித்தார்.

"'மூக்கு ஒழுகல. இருமல் இல்ல. அப்புறம் இன்னா ஜுரம் இது?' இதையேதான் நானும் கேக்கறேன். 'வாயில புண்ணாம். அதனால அவளுக்கு ஐஸ்கிரீம். எனக்கும் புண்ணுன்னு சொன்னேன். அம்மா வாயைத் தொறந்து பாத்துட்டாங்க.' அப்புறம் இது. 'கழுத்துல கோலி மாதிரி ரெண்டு கட்டி. நான் தொடவே இல்ல. கிட்டதான் போனேன். எனக்குத் திட்டு.' அதே தாளுல கீழ அப்புறமா சேத்திருக்கா, பாருங்க: 'நாலாவது நாள். ஜம்முனு எழுந்து ஸ்கிப்பிங் ஆடுறா. எல்லாம் நடிப்பு.'"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "இந்த வரி எனக்கு ரொம்ப வேணும். நடுவுல புள்ளை சுத்தமா நல்லா இருக்காளான்னு நான் கேட்டா, பெத்தவங்க 'பாவம் டாக்டர், எப்பவும் சோர்வாத்தான் இருக்கா'ன்னுவாங்க. பாசம் அப்படிப் பேச வைக்கும். இவ உள்ளதை எழுதியிருக்கா."

இன்னொரு தாள். "'இன்னிக்கு அமாவாசை இல்ல. காலண்டர்ல கறுப்பு வட்டம் இல்ல. ஆனாலும் ஜுரம். அப்ப எதுக்கு நாம வெளிய போகல? அப்பாவுக்குக் காலண்டர் பாக்கத் தெரியாதா?'"

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புடவையில் இடைவெளி விட்டு வரிசையாகப் பூ விழுமே, அந்தப் புட்டாவை நெய்து பிழைக்கிறவன் நான். புடவையில் ஒரு புட்டா அரை விரல் தள்ளி விழுந்தால், வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். என் மகள் உடம்பில் ஒன்று திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினவன் நான். ராத்தூக்கம் கெட்டவன் நான். கடைசியில் டாக்டர் பாராட்டுவது யாரை? பன் கிடைக்காத கடுப்பில் எழுதினவளை! சொந்த மகள் மேலேயே பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள்.

டாக்டரம்மா இடைவெளியை எண்ணினார். "இருபத்தேழு நாள்... இருபத்தாறு... இருபத்தெட்டு..." பென்சில் நின்றது. "இங்க மட்டும் ஐம்பத்தி நாலு. நடுவுல ஒரு தடவை வரவே இல்லையா?"

எனக்கு ஞாபகம் இல்லை. செல்விக்குப் போன் போட்டேன். "மே மாசமா? வந்த மாதிரியும் இருக்குது, வராத மாதிரியும் இருக்குதுங்க" என்றாள்.

"அது முக்கியமா டாக்டர்?"

"ரொம்ப. முறை தப்பாம வருதுன்னா ஒரு பக்கம் யோசிக்கணும். இஷ்டத்துக்கு வருதுன்னா வேற பக்கம் தேடணும். டெஸ்ட்டு நிறைய. சின்னப் புள்ளைக்கு ஊசி மேல ஊசி."

மீனாவின் கை யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வரவில்லை. அப்புறம், எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து, தேதி தெரிய மேஜையில் விரித்து, ஓரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"பின்னாடி பாக்கக் கூடாது டாக்டர்."

"பாக்க மாட்டேன்."

"அப்பாவும்."

டாக்டரம்மா தேதியைக் குறித்துக்கொண்டார். முன்னால் எண்ணினார், பின்னால் எண்ணினார். இந்தப் பக்கம் இருபத்தேழு. அந்தப் பக்கம் இருபத்தேழு. தாளைத் திருப்பாமல், அவள் மடித்த மடிப்பிலேயே மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"இந்தத் தாளு இல்லன்னா நான் தப்பான பக்கம் போயிருப்பேன் மீனா."

வண்டியில் திரும்பி வரும்போது மீனா என் முதுகில் முகத்தைப் பதித்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா... அந்தத் தாளுல தேனுவைப் பத்தி ரொம்ப மோசமா எழுதிட்டேன்பா."

"ம்."

"அதனாலதான் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஜுரம் வருதாபா?"

வண்டியை ஓரம் கட்டினேன். மூன்று மாதமாக இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டு ஸ்கூலுக்குப் போய் வந்திருக்கிறாள். நான் என்ன சொல்வது? 'இல்லம்மா' என்று நான் சொன்னால் நம்புவாளா? அமாவாசையால் ஜுரம் வருகிறது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே! கறுப்பு வட்டத்தால் ஜுரம் வரும் என்றால், கறுப்பு நினைப்பால் வராதா?

"டாக்டரையே கேட்டுடலாமா?" என்றேன். வண்டியைத் திருப்பினேன்.

டாக்டரம்மா அடுத்த பேஷண்டை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு மீனாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எழுதினதால ஜுரம் வராது. நினைச்சதால வராது. அமாவாசையால வராது." கடைசியைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். "மழை பேஞ்சா சில வீட்ல காலிங் பெல் தானா அடிக்குமே, பாத்திருக்கியா? வாசல்ல யாருமே இருக்க மாட்டாங்க. நம்ம உடம்புலயும் ஒரு பெல் இருக்குது. கிருமி வந்தா அடிக்கணும். அதுதான் ஜுரம். உன் தங்கச்சிக்கு யாரும் வராமலே, நாள் வெச்சு அடிக்குதுன்னு நினைக்கறேன். யாரு மேலயும் தப்பு இல்ல. அடுத்தவங்களுக்கு ஒட்டவும் ஒட்டாது."

"ஒட்டாதா?" என்றாள் மீனா. அந்த நிலைமையிலும் அவள் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

உடனே மருந்து எழுதிவிடவில்லை அவர். தொண்டை டெஸ்ட்டில் கிருமி இல்லை என்று வந்தது. ஜுரத்தில் ஒரு ரத்த டெஸ்ட், நன்றாக இருக்கும்போது ஒரு ரத்த டெஸ்ட். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற அளவு ஜுரத்தில் ஏறியிருந்தது, நல்ல நாளில் இறங்கியிருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் நாள் வைத்துக் குறைகிற இன்னொரு நோய் இருக்கிறதாம், அதுவும் இப்படித்தான் வருமாம். அது இல்லை என்று தெரிய, சில வாரத்துக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். தேனு அழுதாள். கையைப் பிடித்துக்கொண்டது மீனா. இது இல்லை, அது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் கடைசியில் பெயர் சொன்னார். பி.எஃப்.ஏ.பி.ஏ. இனிஷியல் மட்டும் வைத்து ஒரு நோய்! இதை நேராகக் காட்டிக்கொடுக்கிற டெஸ்ட் எதுவும் இல்லையாம். தேதிதான் பெரிய சாட்சியாம்.

அடுத்த ஜுரம் ஆரம்பித்த அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். எடைக்கேற்ற அளவில் அவர் எழுதித் தந்திருந்த ஸ்டீராய்டு மருந்து, ஒரே ஒரு வேளை. காலையில் கொடுத்தோம். சாயங்காலம் தேனு தறிக் கூடத்தில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். நாலு நாள் சமாச்சாரம் அரை நாளில் முடிந்தது! ஆன்டிபயாட்டிக் இல்லை. (பசங்களா, இது டாக்டர் பார்த்து, அளந்து கொடுக்கிற மருந்து. பக்கத்து வீட்டுக்கு எழுதினதை வாங்கிப் போடுகிற மருந்து இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.)

அதற்கடுத்தது சீக்கிரமாக, இருபத்திரண்டாம் நாளே வந்தது. வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பயப்படவில்லை. சில குழந்தைகளுக்குத் தொண்டைச் சதையை எடுத்துவிடுவார்களாம். தேனுவுக்கு இப்போதைக்கு வேண்டாம், பெரும்பாலும் வளர வளரத் தானாக விட்டுவிடும் என்றார். ஜுரம் வேறு மாதிரி வந்தால் மட்டும் உடனே காட்டச் சொன்னார். இப்போது மூன்று மாதமாக வரவில்லை.

அமாவாசை? மறுபடியும் வெளியே போகிறோம். முதல் தடவை போனபோது மீனா இரண்டு ரோஸ்ட் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். கேட்டால் மூன்றும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பொறாமைப்படுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது உள்ளே இருந்தால் எப்படி அறுக்கும் என்று மீனாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று: பாசம் வைத்தவன் பதறிக்கொண்டிருந்தபோது, பொறாமைப்பட்டவள்தான் உற்றுப் பார்த்தாள். அப்புறம், தான் வெட்கப்படுகிற தாளை அவளே எடுத்து மேஜையில் வைத்தாள். அதற்குப் பெயர் பொறாமை இல்லை.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது. அதுதான் அவள் போட்ட கண்டிஷன்.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இரண்டு ஜாம் பன்னோடு வீட்டுக்குள் நுழைந்தால், தேனு காலண்டருக்குக் கீழே குப்புறப் படுத்து, பென்சிலை எச்சில் தொட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவது அன்றைய தேதித் தாளின் பின்பக்கம். கண் மட்டும் என் கையில் இருந்த கவர் மேல்.

"அது யாருக்குப்பா?"

"அக்காவுக்கு. ஜுரம் இல்ல?"

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

தலையைக் குனிந்து இன்னும் அழுத்தி எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். சட்டென்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நீ பாக்கக் கூடாது. டாக்டருக்குத்தான் காட்டுவேன்."

என் வீட்டில் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். என் பெண்கள் எழுதுவதையெல்லாம் படிக்கிறவர் வேறு ஒருவர். அந்த டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு எப்படி இருக்கிறது தெரியுமா?